தோற்ற அணியின் கணக்கு



ஒட்டன்சத்திரத்திலிருந்து வடகாடு வழியாக மலையேறும் பாதையில் பாச்சலூர் இருக்கிறது. காப்பியும் மிளகும் வாழையும் விளையும் ஊர். அங்கே மண்ணுக்குப் பஞ்சமில்லை, சமதரைக்குத்தான் பஞ்சம். கிரிக்கெட்டுக்கு வேண்டிய பரந்த வெளியைப் பழனி மலைச் சரிவில் தேடுவது வீண் முயற்சி. அடித்த பந்து பள்ளத்தில் உருண்டால் அதை எடுத்து வரவே ஆட்ட நேரம் போதாது. ஆனால் 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உள்ள ஒரு தளம் வெட்டிச் சமன் செய்துவிட்டால் அங்கே கூடைப்பந்து ஆடலாம். பந்து ஒன்று, வளையம் இரண்டு, ஆட்டக்காரர் ஒரு பக்கத்துக்கு ஐவர். மலையூருக்கு ஏற்ற விளையாட்டு இதைவிட வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. ஆகவே பாச்சலூரிலோ தாண்டிக்குடியிலோ பண்ணைக்காட்டிலோ ஒரு பள்ளி மாணவி இந்தப் பேச்சைக் கேட்கிறாள் என்று எண்ணிக்கொண்டே பேசுகிறேன்.

வெற்றியைப் பற்றிப் பேசுவோர் பலர். நான் இன்று பேச வந்தது தோல்வியைப் பற்றி. அதிலும் நம் நாட்டு மகளிர் கூடைப்பந்து அணி அடைந்த தொடர் தோல்வியைப் பற்றி. அழுது புலம்புவதற்காக அன்று. தோல்வி என்பது வானத்திலிருந்து விழுவதில்லை. அதற்குக் கூட்டல் கழித்தல் உண்டு. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதே என் நோக்கம்.

கதை ஒரு வெற்றியில்தான் தொடங்குகிறது. 2017ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பெங்களூரில் ஆசியக் கோப்பைப் போட்டி நடந்தது. ஆசிய நாடுகளோடு ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் முதன்முறையாகச் சேர்ந்து ஆடிய ஆண்டு அது. அணிகள் இரு பிரிவாக வகுக்கப்பட்டிருந்தன. இரண்டாம் பிரிவின் இறுதி ஆட்டத்தில் இந்தியா கசகஸ்தானை 75க்கு 73 என்ற கணக்கில் வென்றது. இரண்டே புள்ளிகள், ஒரு பந்து வளையத்துக்குள் விழுவதற்கும் விழாமல் போவதற்கும் உள்ள வேறுபாடு. அந்த வெற்றியால் இந்தியா முதல் பிரிவுக்கு உயர்ந்தது. 2001 முதல் 2017 வரை ஒன்பது ஆசியப் போட்டிகளில் தொடர்ந்து ஆடியவர் சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை. 19 வயதிலேயே இந்திய அணிக்குத் தலைமை தாங்கியவர். 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். அவர் தம் நீண்ட ஆட்ட வாழ்வின் முடிவில் கண்ட உயர்வு அது.

உயர்வுக்கு விலை உண்டு. 2019ஆம் ஆண்டு செப்டம்பரில் அதே பெங்களூரில் முதல் பிரிவுப் போட்டி நடந்தபோது, எட்டு நாடுகளில் இந்தியா எட்டாம் இடம் பெற்றது. ஆடிய நான்கிலும் தோல்வி. 2021இல் ஜோர்டான் நாட்டு அம்மான் நகரில் மறுபடியும் நான்கு ஆட்டம், நான்கும் தோல்வி. அம்மானில் ஜப்பான் எடுத்தது 136 புள்ளிகள். இந்தியா எடுத்தது 46. தென்கொரியாவுடன் 69க்கு 107. இறுதியாக, ஏழாம் இடத்துக்காகப் பிலிப்பைன்ஸ் நாட்டோடு மோதிய ஆட்டத்தில் 70க்கு 74. அந்த நான்கு புள்ளித் தோல்வியே நம் அணியை மறுபடியும் இரண்டாம் பிரிவுக்கு இறக்கிவிட்டது.

தொண்ணூறு புள்ளி வேறுபாட்டில் தோற்றது ஓர் ஆட்டம். நான்கு புள்ளியில் தோற்றது மற்றோர் ஆட்டம். இரண்டும் ஒரே வாரத்தில், ஒரே அணிக்கு நேர்ந்தவை. செய்தித்தாளில் பெரிதாகத் தெரிவது முதலாவது. உண்மையில் இழப்பைத் தந்தது இரண்டாவது. இதைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் திரும்பி வருவோம்.

முதலில் அந்தத் தொண்ணூறு எப்படி வருகிறது என்று பார்ப்போம். கூடைப்பந்து ஆட்டம் 40 நிமிடம். பத்து நிமிடம் கொண்ட நான்கு பகுதி. பந்து கைக்கு வந்த அணி 24 நொடிக்குள் வளையத்தை நோக்கி எறிந்தாக வேண்டும். ஆகையால் ஓர் ஆட்டத்தில் ஒவ்வோர் அணிக்கும் ஏறக்குறைய 70 முதல் 80 முறை பந்து கிடைக்கும். எதிரணி எறிந்து தவறிய பந்தும், எறிந்து வென்ற பந்தும் நம் கைக்கே வருவதால், இரு அணிக்கும் வாய்ப்பின் எண்ணிக்கை சற்றேறக்குறையச் சமமாகவே இருக்கும். இதுதான் அடிப்படை.

ஓர் உதாரணக் கணக்குப் போடுவோம். நமக்கு 75 வாய்ப்பு. அவற்றில் 25ஐ எறிவதற்கு முன்பே பறிகொடுத்து விடுகிறோம். தவறாகக் கைமாற்றியோ, கோட்டுக்கு வெளியே மிதித்தோ. மீதி 50. அவற்றில் பத்துக்கு நான்கு வீதம் வளையத்தில் விழுந்தால் 20 கூடை; கூடைக்கு இரண்டாக 40 புள்ளி. எதிரணிக்கு 80 வாய்ப்பு என்று கொள்வோம். அவர்கள் நம்மிடமிருந்து பறித்த பந்தோடு நேரே ஓடி, தடுப்பார் இல்லாத வளையத்தில் போடுகிறார்கள். ஆகவே 40 எறிதலில் பத்துக்கு ஆறு விழும். அது 48 புள்ளி. மற்ற 40 எறிதல் தொலைவிலிருந்து. ஒன்றுக்கு மூன்று புள்ளி. பத்துக்கு நான்கு விழுந்தாலும் அதுவும் 48. மொத்தம் 96. நம் 40க்கு எதிராக 96! எறியும் திறமையில் வேறுபாடு அவ்வளவு பெரிதன்று என்பதைக் கவனியுங்கள். பறிகொடுத்த 25 பந்து இருமுறை நம்மைத் தண்டிக்கிறது. நம் வாய்ப்பைக் கழிக்கிறது; எதிரிக்கு எளிய வாய்ப்பைக் கூட்டுகிறது. ஆடுகளம் முழுவதும் நெருக்கித் தடுக்கும் அணிகள் இந்த இரட்டைக் கணக்கை நன்கு அறிந்தவை.

தோல்விக்கு உயரக் குறைவே காரணம் என்று சொல்வோர் உண்டு. வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கும்போது உயரத்துக்கு மதிப்பு இல்லை என்று யார் சொல்லமுடியும்? ஆயினும் ஜப்பானியரைப் பாருங்கள். 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் தோக்கியோ ஒலிம்பிக்கில் அவர்கள் வெள்ளிப் பதக்கம் பெற்றார்கள். இறுதியில் அமெரிக்காவிடம் 75க்கு 90 என்று தோற்றார்கள். அந்தப் போட்டியில் ஆடிய அணிகளுள் உயரம் குறைந்தவற்றில் அது ஒன்று. அவர்களுடைய மிக உயரமான ஆட்டக்காரர் ராமு தோகாஷிகி காயத்தால் ஆடவே இல்லை. ஓட்டத்தையும், தொலைவிலிருந்து எறியும் மூன்று புள்ளியையும் நம்பியே அவர்கள் வென்றார்கள். உயரம் பிறப்பில் வருவது. அவை இரண்டும் பயிற்சியில் வருபவை.

எந்தப் பயிற்சி? இங்கேதான் நாம் வழக்கமாகத் தவறவிடும் ஒரு செய்தி இருக்கிறது. ஜப்பானிய வீராங்கனையர் பெரும்பாலும் கம்பெனி அணிகளைச் சேர்ந்தவர்கள். எண்ணெய்க் கம்பெனி, மோட்டார் கம்பெனி, மின்பொருள் கம்பெனி என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அணி. நம் நாட்டிலும் ஏறத்தாழ அதே ஏற்பாடுதான். இங்கே ரயில்வே. அனிதா பால்துரை தென்னக ரயில்வேயில் பணியாற்றியவர். கேரளத்தைச் சேர்ந்த கீது அன்னா ஜோஸும் அவ்வாறே. ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் அணிக்காக ஆடியவர், 2011இல் அமெரிக்கத் தொழில்முறை அணிகள் மூன்றில் தேர்வாட்டம் ஆடிப் பார்த்தவர். அந்த வாய்ப்பு ஒப்பந்தமாகக் கனியவில்லை. எனினும் அந்த வாயில்வரை சென்று நின்ற இந்தியப் பெண் என்ற பெருமை அவருக்கு உண்டு.

ஆக, வேலை கொடுத்து விளையாட்டை வளர்க்கும் முறை இரு நாட்டுக்கும் பொது. வேறுபாடு யாது? ஜப்பானின் கம்பெனி அணிகள் இலையுதிர் காலத்தில் தொடங்கி இளவேனில்வரை வாரந்தோறும் ஒன்றோடொன்று மோதுகின்றன. ஓர் அணி இந்த வாரம் தோற்றால் அடுத்த வாரம் அந்தத் தோல்வியோடு மறுபடியும் களத்தில் இறங்கியாக வேண்டும். நம் ரயில்வே வீராங்கனையருக்கோ தேசியப் போட்டி ஆண்டுக்கு ஒருமுறை; இடையில் சில அழைப்புப் போட்டிகள். தேசியப் போட்டியில் பெரும்பாலும் ரயில்வே அணியே வெல்லும். திறமையுள்ளவர்கள் அனைவரும் ஒரே அணியில் இருந்தால் வேறென்ன நடக்கும்? இதில் பெருமையும் உண்டு, ஆபத்தும் உண்டு. உள்நாட்டில் எளிதாக வெல்பவர்கள் வெளிநாட்டில்தான் முதன்முறையாக நெருக்கடியைக் காண்கிறார்கள்.

அம்மான் போட்டிக்கு முன் அந்தச் சில ஆட்டங்களும் அற்றுப்போயின. தேசியப் போட்டி 2019 டிசம்பரில் லூதியானாவில் நடந்தது; அதற்கு அடுத்தது 2022 ஏப்ரலில் சென்னையில்தான். இடையே பெருந்தொற்று. ஒரு தேசியப் போட்டியும் இல்லாத இடைவெளியிலிருந்து எழுந்து சென்று ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற நாட்டின் முன் நின்றது நம் அணி. 46 புள்ளி எடுத்ததற்காக அவர்களை இகழ எனக்கு மனம் வரவில்லை.

இப்போது கடல் கடந்து ஒரு தோல்வியைப் பார்ப்போம். அமெரிக்க மகளிர் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியில் டெட்ராய்ட் நகர அணி மூன்று முறை வாகை சூடியது. அந்த அணி 2010இல் ஓக்லஹோமா மாநிலத்து டல்சா நகருக்குக் குடிபெயர்ந்தது. 2011இல் அது ஆடிய ஆட்டம் 34. வென்றது 3, தோற்றது 31. அதுவரை அந்தப் போட்டியின் வரலாற்றில் அவ்வளவு தாழ்ந்த பருவம் வேறில்லை. இடையில் பயிற்சியாளர் விலகினார். தொடர்ச்சியாக 20 ஆட்டங்கள் தோல்வி. இருபத்தோராம் ஆட்டம் ஆகஸ்ட் 26 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் அணியோடு நடந்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் பந்தை எறிந்தவர் ஷெரில் ஸ்வூப்ஸ், வயது 40. அந்தத் தொழில்முறைப் போட்டி தோன்றியபோது முதன்முதலில் ஒப்பந்தமான ஆட்டக்காரரே அவர்தாம். பந்து விழுந்தது, 77க்கு 75.

அமெரிக்க ஏற்பாட்டில் ஒரு விந்தை உண்டு. தோற்ற அணியைக் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளமாட்டார்கள். மாறாக, கல்லூரியிலிருந்து வரும் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது தாழ்ந்த அணிகளுக்கு முன்னுரிமை தருவார்கள். வேண்டுமென்றே தோற்று முதலிடம் பிடிக்கும் சூதைத் தடுக்க, முன்வரிசைக்குக் குலுக்கல் சீட்டு வைப்பார்கள். டல்சாவுக்கு அந்தச் சீட்டும் கைகொடுக்கவில்லை. கடைசியிடம் பெற்றும் 2012இல் நான்காவது தேர்வே கிடைத்தது! ஆயினும் ஆண்டுதோறும் நல்ல இளம் ஆட்டக்காரர் வந்து சேர்ந்தனர். 2015இல் அந்த அணி 18 வென்று 16 தோற்று அடுத்த சுற்றுக்குச் சென்றது. மறு ஆண்டே அணி டல்லாஸ் நகருக்கு இடம் மாறிவிட்டது என்பது டல்சா மக்களின் துயரம். அது வேறு கதை.

இரண்டு தோல்விகளையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். டல்சா அணி ஒரே பருவத்தில் 31 ஆட்டம் தோற்றது. நம் அணி 2019இலும் 2021இலுமாக ஆசியக் கோப்பையில் தோற்றது எட்டு. எண்ணிக்கையில் எது பெரிய தோல்வி? டல்சா தோற்ற மூன்றாம் நாள், நான்காம் நாள் மீண்டும் ஆடியது. எங்கே பந்தைப் பறிகொடுத்தோம், எவரைத் தனியே விட்டோம் என்று பார்த்துத் திருத்த அவர்களுக்கு அடுத்த ஆட்டம் காத்திருந்தது. நம் வீராங்கனையர் ஒரு வாரத்தில் நான்கு தோல்வியைச் சுமந்து ஊர் திரும்பினர். அடுத்த ஆசியக் கோப்பைக்கு இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும். அதற்குள் சிலருக்கு வயதாகிவிடும், சிலருக்கு மணமாகிவிடும், சிலர் அலுவலக மேசைக்கே நிலையாகச் சென்றுவிடுவர். ஆகவே நம் மகளிர் அணி அதிகமாகத் தோற்கிறது என்று குறைப்படுவோருடன் நான் உடன்படவில்லை. அவர்கள் தோற்பது போதவில்லை என்பதே என் எண்ணம். சமமான, சற்றே வலிய எதிரிகளோடு ஆண்டுக்கு முப்பது ஆட்டம் ஆடி, அதில் இருபது தோற்றாலும் குற்றமில்லை. தொண்ணூறு புள்ளி இடைவெளி குறையும் வழி அதுவே. வெறும் பயிற்சி முகாமில் அது குறையாது.

இனி அந்த நான்கு புள்ளிக்கு வருவோம். ஜப்பானுடன் நடந்த ஆட்டத்தை இருபது நாள் பயிற்சியால் மாற்றியிருக்க முடியாது. பிலிப்பைன்ஸ் ஆட்டம் அப்படியன்று. 70க்கு 74 என்பது இரண்டு கூடை. கடைசி நிமிடங்களில் எந்தப் பந்தை எறியலாம், எதை எறியாமல் கைமாற்றலாம், தண்ட எறிதலின்போது மூச்சை எப்படி அடக்குவது என்பனவெல்லாம் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. அத்தகைய நிமிடங்களில் பலமுறை நின்றவர்களுக்கே அவை கைவரும். 2017இல் கசகஸ்தானுக்கு எதிராக அதே நெருக்கடியில் இரண்டு புள்ளியில் நாம் வென்றோம் என்பதையும் மறக்க வேண்டா.

அம்மானில் அந்த நான்கு புள்ளியில் வென்ற பிலிப்பைன்ஸ் முதல் பிரிவிலேயே நிலைத்தது. 2023இல் சிட்னி நகரில் மறுபடியும் ஆசியாவின் வலிய அணிகளோடு ஆடி ஆறாம் இடம் பெற்றது. அந்த ஆண்டு சிட்னியில் ஆடிய எட்டு நாடுகளின் பட்டியலில் இந்தியாவின் பெயர் இல்லை.