சுவரொட்டியும் சோற்றுப் பானையும்

திருமண மண்டபங்களின் பந்திக் கூடங்களில் 'உணவை வீணாக்காதீர்' என்ற அறிவிப்பை இன்று பரவலாகக் காண்கிறோம். இதற்கு நூறாண்டு கடந்த முன்னோடிகள் உண்டு. இரண்டு உலகப் போர்களின்போதும் அரசுகள் அச்சிட்டு ஒட்டிய உணவுச் சிக்கனச் சுவரொட்டிகளே அவை. இப்போது அவை அருங்காட்சியகங்களில் கலைப்பொருள்களாகப் பாதுகாக்கப்படுகின்றன. அச்சுத் தொழிலுக்குப் பெயர்பெற்ற சிவகாசிக்கு அருகே, ஆலங்குளத்தில் வாழும் எனக்கு வண்ணத்தாளின் ஈர்ப்பு புதிதன்று. எனினும், பொருளியல் பயிற்றுவித்தவன் என்ற முறையில், அவை பயன் தந்தனவா என்ற கேள்வியே எனக்கு முதன்மையாகப் படுகிறது.

1917-இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியதும், ஹெர்பர்ட் ஹூவர் தலைமையில் உணவு நிர்வாகம் ஒன்றை அமைத்தது. 'உணவே போரை வெல்லும்' என்று அதன் சுவரொட்டிகள் முழங்கின. வாரத்தில் ஒரு நாள் இறைச்சியையும் ஒரு நாள் கோதுமையையும் தவிர்க்குமாறு இல்லத்தரசிகள் வேண்டப்பட்டனர். உறுதிமொழி அட்டையில் கையொப்பமிட்டு, அதற்கான உறுப்பினர் அட்டையைச் சன்னலில் மாட்டி வைத்தனர். வளமான நாட்டில், மிஞ்சியதைக் குறைத்துக்கொள்ளும்படி கேட்ட அழைப்பு அது. ஆகவே, ஓரளவு எடுபட்டது.

அதே 1917-இல் பிரிட்டன் பெற்ற அனுபவம் வேறு. ரொட்டி நுகர்வைக் கால் பங்கு குறைக்குமாறு மன்னரே வேண்டுகோள் விடுத்தார். ஆனாலும் கடைவாசல்களில் வரிசைகள் நீண்டன. 1918-இல் அரசு கட்டாயப் பங்கீட்டுக்குச் சென்றது. காரணம் எளிது. பொருள் குறையும்போது விலை ஏறுகிறது. பணம் உள்ளவர் வழக்கம்போல் வாங்குகிறார். இல்லாதவர் சந்தையிலிருந்தே வெளியேறுகிறார். 'நான் குறைத்துக்கொண்டால் அது ஏழைக்குப் போய்ச் சேருமா, பதுக்குபவருக்கா?' என்ற ஐயம் நல்லெண்ணம் உள்ளவரையும் தடுக்கிறது. இந்த ஐயத்தைச் சுவரொட்டியால் தீர்க்க இயலாது.

பிரிட்டன் இப்பாடத்தை மறக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் 1940 ஜனவரியிலேயே வெண்ணெய், சர்க்கரை, பன்றி இறைச்சி ஆகியவற்றுக்குப் பங்கீடு வந்துவிட்டது. வீட்டுத் தோட்டம் போடவும், உருளைக்கிழங்கையும் கேரட்டையும் அதிகம் உண்ணவும் தூண்டிய புகழ்பெற்ற சுவரொட்டிகள் அந்தப் பங்கீட்டின் துணையோடுதான் வெற்றி பெற்றன. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பங்கு உறுதி. அதைக் கொண்டு எப்படிச் சமைப்பது என்பதைச் சுவரொட்டி சொல்லித்தந்தது.

அதே பேரரசின் ஆட்சியில் இந்தியாவில் நிகழ்ந்தது என்ன? 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானது. பர்மா அரிசி வரத்து நின்றது. 'அதிக உணவு விளைவிப்போம்' என்ற இயக்கம் தொடங்கப்பட்டது. ஆனால், போர்ச் செலவால் விலைவாசி உயர்ந்துகொண்டிருந்தது. வங்கக் கடலோரத்தில் எதிரி கைக்குப் போகக்கூடாது என்று படகுகளையும் அரசு பறிமுதல் செய்தது. 1943 பஞ்சத்தில் 15 லட்சம் பேர் இறந்ததாக அரசு அமைத்த விசாரணை ஆணையமே மதிப்பிட்டது. பின்னைய ஆய்வாளர்கள் பலர் ஏறத்தாழ 30 லட்சம் என்கின்றனர். கல்கத்தாவில் முழுமையான பங்கீடு 1944 ஜனவரி இறுதியில்தான் வந்தது. உணவின் இருப்பைவிட, அதைப் பெறும் உரிமையை மக்கள் இழந்ததே பஞ்சத்தின் வேர் என்று அமர்த்தியா சென் 1981-இல் வெளியான தம் நூலில் விளக்கினார்.

எங்கள் கரிசல் மண்ணையே எண்ணிப் பாருங்கள். கம்பும் சோளமும் குதிரைவாலியுமே அன்றாட உணவு. நெல்லுச் சோறு பண்டிகை நாளுக்குரியது. அப்படி வாழ்ந்த குடும்பங்களிடம் 'அரிசியைச் சிக்கனப்படுத்துக' என்று கேட்பதில் என்ன பொருள் இருந்திருக்க முடியும்? இல்லாததைச் சேமிக்க எவராலும் இயலாது.

1965-இல் வறட்சியும் போரும் ஒருசேர வந்தபோது, திங்கள்கிழமை இரவு உணவைத் தவிர்க்குமாறு பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி நாட்டை வேண்டினார். அந்த வேண்டுகோள் தனித்து நிற்கவில்லை. அதே ஆண்டு ஜனவரியில் இந்திய உணவுக் கழகம் தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் தஞ்சாவூரில் தொடங்கியிருந்தது. கொள்முதல், சேமிப்பு, வழங்கல் என்ற நிலையான ஏற்பாடு அதன்பின் வலுப்பெற்றது.

1997-இல் மத்திய அரசு பொது விநியோகத்தை வறுமைக்கோட்டின்படி பிரித்தபோது, தமிழ்நாடு அனைவருக்குமான முறையைக் கைவிடவில்லை. தீபாவளிக்குப் பின் பட்டாசு ஆலைகள் மூடியிருக்கும் வாரங்களில், கூலி இல்லாத வீடுகளில் உலை கொதிப்பது ரேஷன் அரிசியால்தான். வருமானம் மாதத்துக்கு மாதம் மாறும் இத்தகைய தொழிலாளரை எந்தக் கோட்டுக்கு மேலே, எந்தக் கோட்டுக்குக் கீழே வைப்பது? வசதி உள்ளவருக்கும் எதற்கு அரிசி என்று கேட்போர் இதையும் சிந்திக்க வேண்டும். தகுதியற்ற ஒருவருக்குப் போகும் அரிசியால் நேரும் இழப்பு பணம் மட்டுமே. தகுதியுள்ள ஒருவர் பட்டியலில் விடுபட்டால் நேர்வது பசி.

உணவை வீணாக்காதிருப்பது நம் கடமை. அதில் இரு கருத்து இல்லை. ஆனால், சிக்கனத்தைக் கேட்கும் உரிமை, ஒவ்வொரு வீட்டின் பங்கையும் உறுதிசெய்யும் அரசுக்கே உண்டு. நியாயவிலைக் கடை ஒழுங்காகத் திறந்திருக்கும் ஊரில்தான் சிக்கனச் சுவரொட்டிக்கு மதிப்பு இருக்கும்.