ஆறு பெயர்கள், ஒரே முடிவு: 'கர்ணிகா' கப்பல் சொல்லும் பாடம்

புது தில்லி: உல்லாசக் கப்பல் சுற்றுலாவில் இந்தியாவும் இடம்பிடிக்க வேண்டும் என்ற முழக்கம் தலைநகரில் நெடுநாளாக ஒலித்து வருகிறது. 2024 செப்டம்பர் 30-ம் தேதி தொடங்கப்பட்ட 'குரூஸ் பாரத்' திட்டம், கப்பல் சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கையை 2029-க்குள் இரு மடங்காக்க இலக்கு நிர்ணயித்துள்ளது. இத்தருணத்தில், அதே கனவோடு மும்பைக்கு வந்து, ஓராண்டுகூட முழுமையாக ஓடாமல் முடங்கிப்போன 'கர்ணிகா' என்ற நடுத்தரக் கப்பலின் வரலாறு நினைவுகூரத்தக்கது.

இத்தாலியின் மோன்ஃபல்கோனே கட்டுமானத் தளத்தில் உருவாகி, 1990-ல் 'கிரௌன் பிரின்சஸ்' என்ற பெயரில் சேவைக்கு வந்த கப்பல் இது. நீளம் 245 மீட்டர். மொத்தக் கொள்ளளவு சுமார் 70 ஆயிரம் டன். பாரிஸ் நகரின் பாம்பிடூ மையத்தை வடிவமைத்தவர்களுள் ஒருவரான ரென்சோ பியானோ, டால்பினின் தலையை ஒத்த முகப்பை இதற்கு அமைத்தார். இன்றைய ராட்சதக் கப்பல்கள் இரண்டு லட்சம் டன்னையும் கடந்துவிட்ட நிலையில் இது நடுத்தர வகையே எனினும், கட்டப்பட்ட காலத்தில் பெரும் கப்பல்களுள் ஒன்றாகக் கருதப்பட்டது.

பின்னர் சந்தைக்கேற்பப் பெயர்கள் மாறின. 2002-ல் ஜெர்மானியப் பயணிகளுக்காக 'ஆரோசா ப்ளூ', 2004-ல் 'ஐடாப்ளூ', 2007-ல் பிரிட்டன் பயணிகளுக்காக 'ஓஷன் வில்லேஜ் டூ', 2009-ல் ஆஸ்திரேலியாவில் 'பசிபிக் ஜுவல்'. ஆறாவது பெயரே 'கர்ணிகா'. 2019 ஏப்ரலில் ஜலேஷ் குரூஸஸ் நிறுவனம் மும்பையிலிருந்து இதை இயக்கத் தொடங்கியபோது, கப்பலின் வயது 29. சுமார் 2,000 பயணிகளை ஏற்றவல்ல இக்கப்பல் கோவா உள்ளிட்ட இடங்களுக்குச் சென்றுவந்தது.

2020 மார்ச்சில் கரோனா தொற்று உலகெங்கும் பயணிகள் கப்பல்களை நிறுத்திவைத்தது. வருவாய் நின்றது, செலவு நிற்கவில்லை. நிலுவைத் தொகைகளுக்காகக் கப்பல் மும்பையில் சிறைப்பிடிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் நிறுவனம் செயல்பாட்டை நிறுத்தியது. நவம்பரில் குஜராத்தின் அலங் கரையில் உடைப்பதற்காகக் கப்பல் தரையேற்றப்பட்டது.

தொற்றின் மீது மட்டும் பழியைச் சுமத்திவிட்டு இதை மறந்துவிட முடியாது. கப்பல் நிறுவனம் நொடிக்கும்போது மாலுமிகளுக்கும் துறைமுகத்துக்கும் பெரும்பாலும் கப்பல் ஒன்றே பிணை. 19-ம் நூற்றாண்டின் ஆங்கிலேயச் சட்டங்களுக்குப் பதிலாக நாடாளுமன்றம் இயற்றிய 2017-ம் ஆண்டு கடல்சார் உரிமைக் கோரிக்கைகள் சட்டம், மாலுமிகளின் ஊதியத்துக்கும் அவர்களைத் தாயகம் அனுப்பும் செலவுக்கும் முன்னுரிமை அளிக்கிறது. மும்பை, சென்னை உள்ளிட்ட உயர் நீதிமன்றங்கள் இச்சட்டத்தின்கீழ் கப்பலைச் சிறைப்பிடித்து விற்க ஆணையிடலாம். ஆனால், விற்றால் என்ன கிடைக்கும் என்பதே கேள்வி. முப்பது வயதுக் கப்பலின் மதிப்பு, பெரும்பாலும் அதன் இரும்பின் மதிப்புதான். உரிமை கோருவோர் அனைவரும் அத்தொகைக்குள்தான் பங்கு காண வேண்டும்.

2021 செப்டம்பரில் மும்பையிலும், 2022 ஜூனில் சென்னையிலும் பயணத்தைத் தொடங்கிய கார்டீலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்' கப்பலும் 1990-ல் சேவைக்கு வந்ததே. பழைய கப்பல் என்பதாலேயே பாதுகாப்பற்றது என்று கூறிவிட முடியாது. முறையாகப் பராமரித்து, உரிய சான்றிதழுடன் இயக்குவதில் தவறில்லை. புதிய கப்பல் கட்டும் செலவை எண்ணிப்பார்த்தால், புதிய சந்தைக்குப் பழைய கப்பல் வருவதும் இயல்பே.

ஆனால், முனையங்களை அமைக்கவும் சலுகைகளை வழங்கவும் அரசு பொதுப் பணத்தைச் செலவிடும்போது, ஒரு நிபந்தனையையும் விதிக்கலாம். சில மாத ஊதியத்துக்கும் துறைமுகக் கட்டணத்துக்கும் ஈடான வங்கி உத்தரவாதத்தை நிறுவனங்களிடம் முன்கூட்டியே பெறுவதே அது. பயணிகளின் எண்ணிக்கையை இரு மடங்காக்குவது மட்டும் வெற்றியாகாது. அடுத்த புயல் வீசும்போது, கப்பலில் உழைப்போர் கரையில் கைவிடப்படாதிருப்பதும் அத்திட்டத்தின் இலக்காக வேண்டும்.