கத்தரியைத் தாக்கும் இலை தின்னும் வண்டு: எதிர்ப்புத் திறன் கொண்ட ரகங்களைக் கண்டறிவது எப்படி?

திருவனந்தபுரம்: கத்தரி இலையின் பச்சைப் பகுதி சுரண்டப்பட்டு, நரம்புகள் மட்டும் வலைபோல எஞ்சியிருந்தால், அது பெரும்பாலும் 28 புள்ளி வண்டு எனப்படும் எபிலாக்னா வண்டின் தாக்குதலாகும். அசுவினியை உண்டு உழவருக்கு உதவும் பொறிவண்டுகளின் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும், இது புழுப் பருவத்திலும் வண்டுப் பருவத்திலும் இலையையே தின்கிறது.

கத்தரிக்காய் சில நாட்களுக்கு ஒருமுறை பறிக்கப்படுவதால், பூச்சிமருந்து தெளித்தால் அதன் எச்சம் காயில் தங்கக்கூடும். வண்டின் புழுக்களை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளும் மருந்தால் மடிகின்றன. எனவேதான், வண்டின் தாக்குதலைத் தானே தாங்கும் ரகங்கள் தேடப்படுகின்றன.

இதற்கான ஆய்வில், பல ரகங்களும் நாட்டு வகைகளும் ஒரே நிலத்தில் மருந்து தெளிக்காமல் வளர்க்கப்படுகின்றன. எளிதில் பாதிக்கப்படும் ஒரு ரகமும் ஒப்பீட்டுக்காக உடன் நடப்படுகிறது. முட்டைக் குவியல்கள், புழுக்கள், வண்டுகள் ஆகியவை குறிப்பிட்ட இடைவெளியில் எண்ணப்பட்டு, இலைச் சேதம் சதவீதத்தில் மதிப்பிடப்படுகிறது. பின்னர் ஆய்வகத்தில், பல ரகங்களின் இலைகளை ஒன்றாக வைத்தும், ஒரே ரகத்தின் இலையை மட்டும் அளித்தும் வண்டுகள் சோதிக்கப்படுகின்றன.

எதிர்ப்புத் திறன் மூன்று வகைப்படும். இலையின் ரோமம், தடிமன் போன்ற பண்புகளால் வண்டு செடியை நாடாதிருப்பது முதல் வகை. இலையைத் தின்ற புழுவின் வளர்ச்சி குன்றுவது இரண்டாம் வகை. சேதமடைந்தும் செடி விளைச்சல் தருவது மூன்றாம் வகை.

ஒரு பகையைத் தாங்கும் ரகம் மற்றொன்றையும் தாங்கும் என்று கொள்ள இயலாது. திருவனந்தபுரம் வெள்ளாயணியில் வேளாண் கல்லூரியை நடத்தும் கேரள வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட சூர்யா, சுவேதா, ஹரிதா ஆகிய ரகங்கள் பாக்டீரியா வாடல் நோயைத் தாங்குபவை. வண்டைத் தாங்குமா என்பதைத் தனியாகவே சோதிக்க வேண்டும். 2010 பிப்ரவரியில் மத்திய அரசு நிறுத்திவைத்த பி.டி. கத்தரியும் தண்டு, காய்த் துளைப்பானுக்கு எதிராக உருவாக்கப்பட்டதே தவிர, வண்டுக்கு எதிராக அல்ல.

ஓரளவு எதிர்ப்புத் திறன் கொண்ட ரகமும் பயனுடையதே. வண்டுகளின் எண்ணிக்கை குறைந்தால், இலையின் அடிப்புறத்தில் காணப்படும் மஞ்சள் நிற முட்டைக் குவியல்களையும் புழுக்களையும் கையால் அகற்றுவதே சிறு தோட்டங்களுக்குப் போதுமானதாக அமையலாம்.