உங்களுக்குத் தெரியுமா? காவல் செய்திகளுக்கு நடுவே இசை

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரக் காவல்துறை, ரோந்துக் கார்களுக்குச் செய்தி அனுப்ப 1920களில் நடத்திய ‘கே.ஓ.பி.’ வானொலி நிலையம் பொழுதுபோக்கு நிலையமாகவே உரிமம் பெற்றிருந்ததால், திருட்டுப்போன கார்களின் விவரங்களுக்கு நடுவே இசையையும் ஒலிபரப்ப வேண்டியிருந்தது.

• 1928 ஏப்ரலில் அங்குத் தொடங்கிய முறையான சேவை ஒருவழித் தொடர்பு மட்டுமே. காரிலிருந்த காவலர் செய்தியைக் கேட்கலாமே தவிர, பதில் சொல்லத் தொலைபேசியைத் தேடிச் செல்ல வேண்டும். இருவழிப் பேச்சு 1933இல் நியூ ஜெர்சியின் பேயோன் நகரில் நடைமுறைக்கு வந்தது.

• காவல்துறையின் அலைவரிசைகள் வழக்கமான மத்திய அலை ஒலிபரப்புக்குச் சற்று மேலே அமைந்திருந்தமையால், 1930களில் விற்பனையான வீட்டு வானொலிப் பெட்டிகள் பலவற்றின் முகப்பில், முள் சுழலும் தட்டிலேயே ‘போலீஸ்’ என்று அச்சிடப்பட்டிருந்தது. பல அலைவரிசைகளைத் தானாகவே துழாவி, பேச்சுள்ள இடத்தில் நிற்கும் ‘ஸ்கேனர்’ கருவி பின்னாளில் வந்ததே.