உலகப் பொதுப்பணி: உத்தியோகமும் உறுதிமொழியும்



இராயபுரத்தை அடுத்த சென்னைத் துறைமுகத்திலோ, எண்ணூர்க் காமராசர் துறைமுகத்திலோ ஓர் அயல்நாட்டுக் கப்பல் வந்து நிற்கின்றது என்று கொள்வோம். அதன் உரிமையாளர் ஒரு நாட்டவர். அதில் பறக்கும் கொடி மற்றொரு நாட்டினுடையது. மாலுமிகளோ பல நாட்டவர். ஆயினும், அம்மாலுமிக்கு இருபத்துநான்கு மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும், ஏழு நாட்களில் 77 மணி நேரமும் ஓய்வு தரவேண்டும் என்பது விதி. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2006-ஆம் ஆண்டில் நிறைவேற்றிய கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் அவ்விதி இடம்பெற்றுள்ளது. நம் நாடும் 2015-இல் அதனை ஏற்றுக்கொண்டது.

இவ்வுடன்படிக்கையை நிறைவேற்றியவர்கள் அரசாங்கங்கள், முதலாளிகள், தொழிலாளர்கள் ஆகிய முத்தரப்பின் பிரதிநிதிகள். ஆனால், பல நாட்டுச் சட்டங்களை ஒப்புநோக்கி, வரைவுகளைச் சீர்செய்து, மாறுபட்ட கருத்துகளை ஒருங்கே தொகுத்து அவர்கள் முன் வைக்கும் வேலையை யார் செய்தனர்? ஜெனீவாவிலுள்ள அந்த அமைப்பின் அலுவலகத்து ஊழியர்கள். அவர்களே உலகப் பொதுப்பணியாளர்கள். நம் தெருக்கோடியில் நங்கூரமிட்ட கப்பலினுள்ளும் அவர்களுடைய பணியின் பயன் இருக்கின்றது.

வட சென்னையில் நெடுங்காலம் தலைமையாசிரியனாக இருந்தவன் யான். துறைமுகத் தொழிலாளர், மீனவர், ஆலைத் தொழிலாளர் ஆகியோரின் மக்களே என் மாணவர்கள். உலக நிறுவனங்களின் பெயரைச் சொன்னால், பெருஞ்சம்பளத்தையும் விமானப் பயணத்தையுமே அவர்களுட் பலர் எண்ணினர். அவ்வெண்ணம் முற்றும் பொய்யன்று. ஆயினும் முழு உண்மையும் அன்று.

இப்பணியின் உயிர்நாடி எது? முதல் உலகப்போருக்குப் பின் தோன்றிய நாட்டுக் கூட்டணியின் முதற் செயலாளர் எரிக் டிரம்மண்டு என்பவர். ஒவ்வொரு நாடும் தன் ஆளை அனுப்பித் தன் நலம் பேசச் செய்யும் முறையை அவர் விரும்பவில்லை. நிறுவனத்திற்கே பொறுப்புடைய ஊழியர் குழுவை அமைத்தார். 1945-இல் எழுந்த ஐக்கிய நாடுகள் சாசனத்தின் 100-ஆவது உறுப்பு அக்கொள்கையைச் சட்டமாக்கியது. சபையின் ஊழியர் எந்த அரசாங்கத்திடமிருந்தும் கட்டளை கேட்கவோ பெறவோ கூடாது. அரசாங்கங்களும் அவர்களைத் தம் வழிக்கு இழுக்க முயலலாகாது. கடமை இருபுறத்தும் உண்டு என்பதைக் கவனியுங்கள்.

நம் தமிழர் ஒருவரின் வாழ்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. திருவரங்கத்தில் 1915-இல் பிறந்த சி. வி. நரசிம்மன், ஐ.சி.எஸ். அதிகாரியாகச் சென்னை மாகாணத்தில் பணியாற்றியவர். 1956-இல் பாங்காக்கிலிருந்த ஆசிய, தூரகிழக்குப் பொருளாதார ஆணைக்குழுவின் நிர்வாகச் செயலாளரானார். மறு ஆண்டில் அவ்வாணைக்குழுவின் ஆதரவில் கம்போடியா, லாவோஸ், தாய்லாந்து, தென் வியட்நாம் ஆகிய நான்கு நாடுகளும் மீகாங் ஆற்றின் நீரைப் பயன்படுத்துவதற்கென ஒரு குழுவை அமைத்தன. ஆற்று நீரைப் பங்கிடுவது எத்துணை அரிது என்பதைக் காவிரி நாட்டவராகிய நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அத்தகைய குழுவுக்கு உதவும் அலுவலர் ஒரு கரைப்பக்கம் சாய்ந்தால், மறு கரையினர் அவர் தரும் கணக்கை நம்புவரோ? நரசிம்மன் பின்னர் நியூயார்க்கில் பொதுச் செயலாளர் ஊ தாண்டின் அலுவலகத் தலைவராகவும் விளங்கினார். நடுவுநிலைமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர்; அஃதே இப்பணிக்கு முதல் தகுதி.

“ஐயா, அப்படியானால் தாய்நாட்டுப் பற்றைத் துறக்க வேண்டுமா?” என்று ஒரு மாணவி என்னைக் கேட்டாள். வேண்டியதில்லை. ஊழியர் தம் நாட்டுத் தேர்தலில் வாக்களிக்கலாம். தம் சமயத்தைப் போற்றலாம். ஆனால், எந்த அரசிடமிருந்தும் விருதோ பரிசோ பெறலாகாது. தம் நாட்டுக்கு உவப்பற்ற புள்ளிவிவரமாயினும், உண்மையாயின் அதனை எழுதியே ஆகவேண்டும்.

இனி, வேலை நிலைமைகளைக் காண்போம். பொதுப் பணிப்பிரிவினர் அலுவலகம் இருக்கும் ஊரிலேயே தேர்ந்தெடுக்கப்படுவர். தொழில்முறைப் பிரிவினர் பல நாடுகளிலிருந்தும் தேர்ந்தெடுக்கப்படுவர். பி-1 முதல் பி-5 வரை அவர்களுக்குப் படிநிலைகள் உண்டு. அவர்களுடைய அடிப்படைச் சம்பளம் உலகெங்கும் ஒன்றே. வாழும் ஊரின் விலைவாசிக்கேற்பப் படி மாறும். இவற்றைக் கவனிக்க 1974-இல் ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை ஓர் ஆணையத்தையே நிறுவியது. ஓய்வூதியமும், நிலையான காலநியமனம் பெற்றவர்க்கு ஆண்டுக்கு 30 நாள் விடுப்பும் உண்டு.

மறுபக்கத்தையும் மறைத்தல் தகாது. அக்காலநியமனம் ஐந்தாண்டுக்கு மேற்படாது. புதுப்பிப்பர் என்ற உறுதியும் இல்லை. உறுப்பு நாடுகள் நிலுவையைச் செலுத்தாவிடில் வேலையிடங்கள் குறையும். 2025-இல் அவ்வாறே நிதி நெருக்கடியால் ஆட்குறைப்புத் திட்டங்கள் வகுக்கப்பட்டன. குடும்பத்தை அழைத்துச் செல்ல இயலாத ஊர்களும் உள. உயிருக்கே இடர் நேர்வதும் உண்டு. 2003 ஆகஸ்டு 19 அன்று பாக்தாத் நகரில் ஐ.நா. அலுவலகத்தின் மீது நிகழ்ந்த குண்டுத் தாக்குதலில் 22 பேர் மாண்டனர். ஆண்டுதோறும் அந்நாளே உலக மனிதநேய நாளாகக் கடைப்பிடிக்கப்படுகின்றது.

இவற்றை அறிந்த பின்னும் விழைவோர் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, ஒரு துறையில் ஆழ்ந்த புலமை. பொருளியலோ, சட்டமோ, புள்ளியியலோ, பொறியியலோ, பொதுச் சுகாதாரமோ எதுவாயினும் ஆகுக. பட்டம் பெற்றுத் தம் நாட்டிலேயே சில ஆண்டுகள் உழைத்தவர்க்கே பெரும்பாலான பதவிகள் கிட்டும். 32 வயதுக்கு உட்பட்ட பட்டதாரிகளுக்கென இளந்தொழில்முறையாளர் தேர்வு ஒன்றும் உண்டு. ஆனால், அந்தந்த ஆண்டு அறிவிக்கப்படும் நாட்டினரே அதனை எழுதலாம். இரண்டாவது, மொழி. ஐ.நா. செயலகத்தின் அலுவல் மொழிகள் ஆங்கிலமும் பிரெஞ்சும். மூன்றாவது, விழிப்பு. தேர்வின் எந்தக் கட்டத்திலும் ஐ.நா. கட்டணம் பெறுவதில்லை. “பணம் கொடு, ஜெனீவாவில் வேலை தருகிறேன்” என்பவன் வஞ்சகனே. தந்தையின் சேமநிதியை அவனிடம் இழந்துவிடாதீர்கள்.

பல மொழியும் பல மதமும் ஒரே தெருவில் வாழும் வட சென்னையில் வளர்ந்தவர்க்கு, மாறுபட்டவரோடு கூடி உழைக்கும் பண்பு புதிதன்று. அப்பண்போடு கல்வியும் நேர்மையும் சேருமாயின், எந்த நாட்டு மக்களும் நம்பத்தக்க ஊழியராக நீங்கள் விளங்கலாம்.