ஒரே அளவுக் கட்டு

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் 1990-களின் முற்பாதியில் நடந்த ஓர் ஆய்வு இது. பித்தப்பையை அகற்றிக்கொண்ட 200 பேரும் கண்விழித்தபோது எல்லோர் வயிற்றிலும் ஒரே மாதிரியான கட்டு போடப்பட்டிருந்தது. 100 பேருக்கு லேப்ராஸ்கோப்பி: சிறு துளைகள் வழியே கேமராவையும் கருவிகளையும் செலுத்திச் செய்தது. மற்ற 100 பேருக்குச் சிறிய கீறல் போட்டுச் செய்தது. யாருக்கு எந்த முறை என்பதை அறுவை அரங்குக்குள் வந்த பிறகே குலுக்கல்போலத் தீர்மானித்தார்கள். கட்டுக்கு அடியில் இருப்பது எது என்று நோயாளிக்கும் தெரியாது, வார்டில் கவனித்துக்கொண்டவர்களுக்கும் தெரியாது.

எதற்கு இந்த மறைப்பு? ஜெர்மனியின் எரிக் ம்யூஹே 1985-லும், பிரான்சின் பிலிப் மூரே 1987-லும் லேப்ராஸ்கோப்பி மூலம் பித்தப்பையை எடுத்துக் காட்டினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அந்த முறை உலகெங்கும் பரவியது. வலி குறைவு, தழும்பு சிறிது, சீக்கிரம் வேலைக்குப் போகலாம் என்ற பேச்சும் கூடவே பரவியது. நோயாளி, நர்ஸ் இருவர் காதிலும் அது விழுந்திருக்கும். வயிற்றில் நாலு சின்ன பிளாஸ்திரி மட்டும் தெரிந்தால், “எழுந்து நடங்க, நாளைக்கு வீட்டுக்குப் போயிடலாம்” என்று சொல்லத் தோன்றும். நீளமான கட்டைக் கண்டால், “அவசரப்படாதீங்க” என்றுதான் வாயில் வரும். வலி நம் எதிர்பார்ப்பை ஒட்டிக் கூடும், குறையும். எப்போது வீட்டுக்கு அனுப்புவது என்பதும் பழக்கத்தைப் பொறுத்த முடிவு. கத்தியின் பலன் எவ்வளவு, நம்பிக்கையின் பலன் எவ்வளவு என்று பிரித்தறிய அந்தக் கட்டு தேவைப்பட்டது.

முடிவுகள் 1996-ல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தன. நோயாளிகளை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பவரின் கணக்கைப் பார்த்தால், இரு குழுவிலும் மருத்துவமனையில் தங்கியது 3 இரவுகள், அன்றாட நடமாட்டம் முழுதாகத் திரும்ப 3 வாரங்கள். வேலைக்குத் திரும்ப லேப்ராஸ்கோப்பி குழுவுக்கு 5 வாரங்கள், கீறல் குழுவுக்கு 4 வாரங்கள். தற்செயலாகவும் வரக்கூடிய வித்தியாசம்தான் அது. அறுவைக்கான நேரத்தில் மட்டும் தெளிவான வேறுபாடு: 65 நிமிடங்கள், 40 நிமிடங்கள். புதிய முறைக்கே கூடுதல் நேரம்.

லேப்ராஸ்கோப்பி வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. பழைய காலத்து நீண்ட கீறலோடு ஒப்பிட்டால் அதில் சீக்கிரம் தேறுகிறார்கள் என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. இன்று பித்தப்பைக்கு வழக்கமான முறையும் அதுவே. ஷெஃபீல்டு மருத்துவர்கள் அதன் எதிரே நிறுத்தியது நீண்ட கீறலை அல்ல, கவனமாகப் போட்ட சிறு கீறலை. ஒரு சிகிச்சை ‘சிறந்தது’ என்று செய்தி வந்தால், எதைவிட என்று நான் முதலில் தேடுவது இதனால்தான்.

அமெரிக்காவின் ஹூஸ்டனில் அறுவை மருத்துவர் புரூஸ் மோஸ்லி இந்த மறைப்பில் இன்னும் ஒரு படி மேலே போனார். மூட்டுத் தேய்மானத்தால் முழங்கால் வலியோடு வந்த 180 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு மூட்டின் உள்ளே சுரண்டிச் சுத்தம் செய்தார். இன்னொன்றுக்கு உப்பு நீரால் கழுவினார். மூன்றாவது குழுவுக்குத் தோலில் கீறல்கள் மட்டும். அவர்களுக்குச் சந்தேகம் வராதிருக்க, கழுவும் ஓசை கேட்கும்படி தண்ணீரைத் தெறிக்கவும் செய்தார்கள். இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தும், உண்மையான சிகிச்சை பெற்றவர்களின் வலி கீறல் மட்டும் பெற்றவர்களுடையதைவிடக் குறைந்திருக்கவில்லை. 2002-ல் இந்த முடிவு வெளியானது.

வெறும் கீறலுக்காக ஒருவரை மேசையில் படுக்க வைப்பது தகுமா? எனக்கும் உறுத்திய கேள்வி இது. ஹூஸ்டனில் யாரையும் ஏமாற்றிச் சேர்க்கவில்லை. தமக்குப் போலி அறுவை மட்டுமே கிடைக்கலாம், அதனால் மூட்டுத் தேய்மானம் குணமாகாது என்று ஒவ்வொருவரும் தம் கைப்பட எழுதித் தர வேண்டியிருந்தது. தகுதியான 324 பேரில் 144 பேர் வேண்டாம் என்று திரும்பிப் போனார்கள். மீதி 180 பேர் எழுதிக் கொடுத்துவிட்டு மேசையில் படுத்தார்கள்.