புற்றுநோய் வந்தபின் சர்க்கரையை யார் பார்ப்பது?

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் சாலையில் இருக்கிறது பெரியநாயக்கன்பாளையம். ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயமும், நூற்பாலை இயந்திரங்கள் செய்யும் எல்.எம்.டபிள்யூ. ஆலையும் உள்ள ஊர். ஷிப்டு வேலையும் அதற்கேற்ப மாறும் சாப்பாட்டு நேரமும் பல வீடுகளில் பழகிப்போனவை. இங்கே சர்க்கரை நோய் ஒரு செய்தியே இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு 2023-ல் வெளியானபோது, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதம், அதாவது ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர். ஆகவே, இந்தப் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு பயாப்ஸி முடிவு வந்து சேரும்போது, அந்த வீட்டு அலமாரியில் சர்க்கரை மாத்திரை ஏற்கெனவே இருப்பதற்கு நிறைய வாய்ப்புண்டு. அன்று உறவுக்காரர் ஒருவர் தவறாமல் சொல்வார்: "மொதல்ல இதப் பாப்போமுங்க, சர்க்கரைய அப்புறம் பாத்துக்கலாம்." அக்கறையில் வரும் பேச்சுதான். ஆனாலும் தவறான பேச்சு. புற்றுநோய்க்கு மருத்துவம் தொடங்கும் நாளிலிருந்து சர்க்கரையைப் பார்ப்பதும் அந்த மருத்துவத்தில் ஒரு பகுதி. அதை யார் பார்ப்பது என்று முதல் நாளே முடிவு செய்யாத வீடுகளில்தான் பெரும்பாலான சிக்கல்கள் கிளம்புகின்றன.

அதற்கு முன்னால் ஒரு குற்றவுணர்ச்சியைத் தீர்த்துவிடுவது நல்லது. "சர்க்கரையை ஒழுங்காக வைத்துக்கொள்ளாததால்தான் இது வந்ததா?" என்று நோயாளி கேட்காவிட்டாலும் மனதுக்குள் உருட்டிக்கொண்டே இருப்பார். அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமும் 2010-ல் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, இரண்டாம் வகை சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் கல்லீரல், கணையம், கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய்கள் ஏறக்குறைய இரு மடங்கு காணப்படுவதாகவும், பெருங்குடல், மார்பகம், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் கூடுதல் சற்றுக் குறைவு என்றும் தொகுத்தது. ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் புற்றுநோயோ சர்க்கரை நோயாளிகளிடம் குறைவாகவே தென்படுகிறது. வயது, உடல் பருமன், உடலுழைப்புக் குறைவு என்று இரண்டு நோய்களுக்கும் பொதுவான காரணங்கள் இந்தத் தொடர்பில் கணிசமான பங்கு வகிக்கின்றன. ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பார்த்தால் தெரியும் இந்த வேறுபாட்டை வைத்து, "உனக்கு இதனால்தான் வந்தது" என்று தனி ஒருவரிடம் எந்த மருத்துவரும் சொல்ல முடியாது.

கீமோ போடும் நாளைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் விஷயம் விளங்கும். வாந்தி வராமலிருக்கவும், சில மருந்துகள் ஒவ்வாமல் போகாமலிருக்கவும், கீமோவுக்கு முன்பாக டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பார்கள். பல சிகிச்சை முறைகளில் அதுவே மாத்திரையாக இன்னும் இரண்டு மூன்று நாள் தொடரும். இந்த மருந்து கல்லீரலைத் தூண்டிக் கூடுதலாகச் சர்க்கரையை ரத்தத்தில் விடச் செய்கிறது. தசைகளை இன்சுலினுக்கு மசியவிடாமல் செய்கிறது. காலையில் கொடுத்தால் அதன் வேகம் மதியத்துக்கு மேல்தான் அதிகம் தெரியும், மறுநாள் காலைக்குள் பலருக்கு ஓரளவு தணியும். நம் ஊர்ப் பழக்கமோ, சர்க்கரை என்றால் காலையில் வெறும் வயிற்றில் பார்ப்பது. காலையில் 130 காட்டும் அதே ஆளுக்கு மாலை ஐந்து மணிக்கு 350 காட்டுவது இந்த நாட்களில் அதிசயமே இல்லை. காலைக் கணக்கைப் பார்த்து "சுகர் நல்லா இருக்கு" என்று நோட்டை மூடிவிட்டால், மாலை முழுக்க ஏறி நிற்கும் சர்க்கரை யார் கண்ணிலும் படாது. ஸ்ட்ரிப் விலைக்கு பயந்து ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் குத்திப் பார்க்க முடியும் என்ற நிலையில் இருப்பவர்கள், ஸ்டீராய்டு உள்ளே போகும் நாட்களில் அந்த ஒரு தடவையை இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் வைத்துக்கொள்வது காலையில் பார்ப்பதைவிடப் பயனுள்ளது. சர்க்கரை ஏறிக் கிடக்கும்போது வரும் தாகம், அடிக்கடி சிறுநீர், அசதி, எடை இறக்கம் எல்லாமே "கீமோ போட்டா அப்படித்தானுங்க இருக்கும்" என்ற ஒரே பதிலில் அடங்கிப்போவது இதில் இன்னொரு வம்பு.

இதனால் உண்மையில் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்கலாம். 2008-ல் அமெரிக்க மருத்துவ இதழான ஜாமாவில் வந்த ஒரு தொகுப்பாய்வு, புற்றுநோய் கண்டறியப்படும்போதே சர்க்கரை நோயும் இருந்தவர்களிடம் இறப்பு விகிதம் 41 சதவீதம் அதிகம் என்று கண்டது. ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தின் 2004 ஆய்வு இன்னும் நேரடியானது. தீவிர ரத்தப் புற்றுநோய் ஒன்றுக்கு ஸ்டீராய்டு கலந்த கீமோ பெற்ற 278 பெரியவர்களில், முதல் முப்பது நாட்களில் சர்க்கரை 200-க்கு மேல் ஏறியவர்களுக்கு ரத்தத்தில் கிருமி பரவுவது ஏறத்தாழ இரட்டிப்பாக இருந்தது. நோய் அடங்கியிருந்த காலமும் மற்றவர்களுக்கு நடுக்கணக்கில் 52 மாதம் என்றால் இவர்களுக்கு 24 மாதம்தான். இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும்: உடம்பு ஏற்கெனவே மோசமாக இருப்பவர்களுக்குத்தானே சர்க்கரை அதிகம் ஏறும், பிறகு சர்க்கரை மேல் ஏன் பழி போட வேண்டும்? இந்த மறுப்பை ஒதுக்கிவிட முடியாது. அதே மையம் இன்சுலின் கொண்டு சர்க்கரையை இறுக்கிப் பிடித்துப் பார்த்த சோதனையின் முடிவு 2012-ல் வந்தது. எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த நைஸ்-சுகர் சோதனையில் (2009), சர்க்கரையை 81-க்கும் 108-க்கும் இடையில் நிறுத்த முயன்றவர்களிடம்தான் இறப்பு அதிகமாக இருந்தது. ஆக, "அப்புறம் பார்த்துக்கலாம்" என்பவர்களுக்கும் இதில் ஆதரவு இல்லை, "நூறுக்குள் கொண்டுவந்தே தீருவேன்" என்பவர்களுக்கும் இல்லை. மருத்துவமனையில் இருக்கும் சர்க்கரை நோயாளிகள் பெரும்பாலோருக்கு 140 முதல் 180 வரை என்ற இலக்கே இன்று பரவலாகச் சொல்லப்படுகிறது. பத்து வருஷம் கழித்துக் கண்ணும் சிறுநீரகமும் கெடாமலிருக்க வைத்துக்கொண்ட பழைய கண்டிப்பைச் சில மாதங்களுக்குத் தளர்த்தலாம். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையைக்கூட இக்காலத்தில் அப்படியே நம்ப முடியாது. ரத்தசோகை இருந்தாலோ ரத்தம் ஏற்றியிருந்தாலோ அது தப்பாகக் காட்டும்.

தளர்த்துவது வேறு, கைவிடுவது வேறு. சர்க்கரை தாழ்ந்துபோகும் ஆபத்து இக்காலத்தில் ஏறும் ஆபத்துக்குச் சளைத்ததில்லை. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை மாத்திரை மாதாமாதம் வீட்டு வாசலுக்கே வருகிறது. அருமையான ஏற்பாடு. ஆனால் கீமோ போட்ட மூன்றாம் நாள், வாயெல்லாம் புண்ணாகி அரை டம்ளர் கஞ்சிகூட இறங்காத ஒருவர், கிளிமிபிரைடு அல்லது கிளிபென்கிளமைடு வகை மாத்திரையை வழக்கம்போல விழுங்கினால் சர்க்கரை சரிந்து வியர்த்து, நடுங்கி, நினைவு தப்பலாம். அது 'கீமோ மயக்கம்' என்று படுக்க வைக்கப்பட்டால் இன்னும் மோசம். டாபாகிளிஃப்ளோசின் போன்ற புதிய மாத்திரைகளுக்கு வேறொரு குணம் உண்டு: சாப்பிடாமல் கிடக்கும்போது, சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே ரத்தத்தில் அமிலம் சேர்ந்துவிடலாம். அதனால்தான் அறுவை சிகிச்சைக்குச் சில நாள் முன்னதாகவே அதை நிறுத்தச் சொல்கிறார்கள். பாக்ளிடாக்ஸெல், ஆக்ஸாலிபிளாட்டின், வின்கிரிஸ்டின் போன்ற கீமோ மருந்துகள் நரம்பு நுனிகளை மரத்துப்போகச் செய்பவை. சர்க்கரையால் ஏற்கெனவே பாதம் மரத்தவருக்கு இது இரட்டை அடி. இப்படிப்பட்டவர் வாசலில் வெறுங்காலில் நடப்பதோ, பக்கத்துப் பாலமலைக் கோயிலில் அரங்கநாதரைப் பார்க்கச் செருப்பில்லாமல் ஏறுவதோ இந்தச் சில மாதங்களுக்கு வேண்டாம். வெள்ளையணு குறைந்திருக்கும் வாரத்தில் கால் விரலிடுக்கில் வரும் சிறு புண்ணும், 100.4 டிகிரிக் காய்ச்சலும் மறுநாள் வரை காத்திருக்கும் சமாசாரங்கள் அல்ல.

சாப்பாட்டு விஷயத்தில்தான் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் நிபுணர்கள். சர்க்கரை புற்றுநோய்க்குத் தீனி என்பதால் சோற்றையே நிறுத்து என்பார் ஒருவர். தெம்பு வேண்டும், இளநீரும் மாதுளை ஜூஸும் ஹார்லிக்ஸும் கொடு என்பார் அடுத்தவர். முதல் வாதத்தில் ஒரு துளி உண்மை உண்டு. புற்றுச் செல்கள் குளுக்கோஸை வேகமாக இழுக்கும் என்பதை ஓட்டோ வார்பர்க் 1920-களிலேயே கவனித்தார். பெட் ஸ்கேன் வேலை செய்வதும் அந்தக் குணத்தை வைத்துத்தான். (பெட் ஸ்கேனுக்குச் சர்க்கரை 200-க்குள் இருப்பது நல்லது, வெறும் வயிற்றோடும் போக வேண்டும். எனவே தேதி வாங்கும்போதே "சர்க்கரை இருக்கிறது, இன்சுலின் போடுகிறேன்" என்று சொல்லி, எந்த நேரம் வருவது என்று கேட்பது உத்தமம்.) ஆனால் சோற்றை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்காது. கல்லீரல் தசையைக் கரைத்தாவது ரத்தத்துக்குச் சர்க்கரையைத் தந்துவிடும், மெலிவது ஆள்தான். தசை கரைந்தவருக்குக் கீமோவின் விஷத்தன்மை கூடுதலாகத் தாக்குகிறது. இரண்டாவது ஆலோசனையில் உள்ள தெம்பு ஒரு மணி நேரத்தில் 300-ஐத் தொடும். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாம் உடம்புக்குள் போனால் சர்க்கரைதான். பெயரால் சலுகை கிடையாது. அரிசியும் பருப்பும் சோறு, முட்டை, மோர், கொள்ளு, ராகி என்று இந்தப் பக்கத்து வீடுகளில் வழக்கமாகச் சமைப்பதிலேயே புரதம் சேர்ந்த நல்ல உணவு இருக்கிறது. அதைச் சிறிது சிறிதாக, ஆறு வேளையாகக்கூடப் பிரித்துக் கொடுக்கலாம். கஷாயம் சொல்பவர்களும் உண்டு; ஆனால் முள்சீத்தா இலைக் கஷாயம் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்பதற்கு மனிதர்களிடம் நிரூபணம் இல்லை. சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் புற்றுநோயையும் தடுக்கும் என்று நம்புவதிலும் அவசரம் வேண்டாம்: சர்க்கரை நோய் இல்லாத மார்பகப் புற்றுநோயாளிகள் 3,649 பேரிடம் நடந்த சோதனையில் (2022) அது நோய் திரும்புவதைத் தடுக்கவில்லை. சர்க்கரைக்கு அது நல்ல மருந்து, அவ்வளவுதான்.

நம் குடும்பங்களின் இன்னொரு வழக்கம், பெரியவர்களிடம் நோயின் பெயரைச் சொல்லாமல் 'கட்டி' என்றோ 'புண்' என்றோ மழுப்புவது. அதன் நியாய அநியாயத்தைப் பலவிதமாகப் பேசலாம்; ஆனால் சர்க்கரை நோயாளியைப் பொறுத்தவரை இது நேரடியாகவே ஆபத்தானது. பதினைந்து வருஷமாகத் தன் வயிற்றில் தானே இன்சுலின் போட்டுக்கொண்டு, கல்யாண வீட்டுப் பந்தியில் எதைத் தொடலாம் எதைத் தள்ளலாம் என்று கணக்குப் போட்டு வாழ்ந்த ஒருவர், தன் உடம்பை நிர்வகிப்பதில் வீட்டிலேயே பெரிய கைகாரர். நோட்டு எழுதுவது, நேரம் பார்ப்பது, பாதத்தைத் தடவிப் பார்ப்பது எல்லாம் அவருக்குப் புதிதல்ல. அவரிடம் ஸ்டீராய்டு போகிறது என்பதை மறைத்தால், திடீரென்று ஏன் 350 காட்டுகிறது என்று புரியாமல் ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டுவிடுவார், அல்லது தானாகவே ஊசியைக் கூட்டிக்கொள்வார்.

மருத்துவர்கள் பக்கமும் ஒரு சங்கடம் உண்டு. தொற்றா நோய்களுக்காக மத்திய அரசு 2010-ல் கொண்டுவந்த தேசியத் திட்டத்தின் பெயரிலேயே புற்றுநோயும் சர்க்கரை நோயும் அருகருகே இருந்தன. நடைமுறையிலோ நோயாளிக்கு இரண்டு வாசல்கள். பெரியநாயக்கன்பாளையத்துக்காரர் ஒருவர் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போவதென்றால் மேட்டுப்பாளையம் சாலையைக் கடந்து, நகரத்துக்குள் புகுந்து, திருச்சி சாலை வரை போய்ச் சேர வேண்டும். சர்க்கரை மாத்திரையோ ஊரிலேயே கிடைக்கும். அங்கே எழுதிய ஸ்டீராய்டு இங்கே உள்ளவருக்குத் தெரியாது, இங்கே கொடுத்த மாத்திரை அங்கே உள்ளவர் கண்ணில் படாது. கூட்டம் நெரியும் புற்றுநோய் ஓ.பி.யில் சர்க்கரைக்கு நேரம் எங்கே என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் முதல் கீமோவுக்கு முன்பே சீட்டில் நான்கு வரி எழுதி வாங்கச் சொல்கிறோம்: ஸ்டீராய்டு எந்தெந்த நாள், சாப்பிட முடியாத நாளில் எந்த மாத்திரையை நிறுத்துவது, எந்த அளவுக்கு மேலோ கீழோ போனால் யாரைக் கூப்பிடுவது, இன்சுலின் அளவை மாற்றுவது யார் பொறுப்பு. ஐந்து நிமிட வேலை. பல மாத அலைச்சல் மிச்சம். அந்தச் சீட்டின் ஒரு நகல் ஊர் சுகாதார நிலைய செவிலியரிடமும், மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடமும் இருந்தால், மாதாந்தரப் பொட்டலத்தைக் கொடுக்கும்போதே "இந்த வாரம் சாப்பிடறீங்களா?" என்று ஒரு கேள்வி கேட்க முடியும்.

கீமோ முடிந்து ஸ்டீராய்டு நின்றதும் சர்க்கரையும் இறங்கும். அப்போது கூட்டிய இன்சுலினைக் குறைக்காவிட்டால் வீடு திரும்பிய நிம்மதியிலேயே ஒரு நள்ளிரவுத் தாழ்சர்க்கரை வரும். நோய் முற்றி, இனி வலி தணிப்பதுதான் மருத்துவம் என்ற கட்டம் வந்தவர்களுக்கோ கணக்கே மாறுகிறது. இரண்டாம் வகைச் சர்க்கரை உள்ள பலருக்கு அப்போது தாகமும் மயக்கமும் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். பத்திய உணவைத் தளர்த்தி, விரலில் குத்துவதையும் குறைத்துவிடலாம். அதைச் சொல்லவும் பொறுப்புள்ள ஒருவர் வேண்டும். சொல்ல ஆளில்லாத வீடுகளில் பழக்க தோஷத்தில் மூன்று வேளையும் குத்திக்கொண்டே இருக்கிறார்கள்.